சொந்த விருப்பத்தின் பேரில்

பெரம்பூர் அன்னை நிலையம் என்ற அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து யாரையும் யாரும் வெளியேற்றவில்லை. எல்லோரும் தாங்களாகத்தான் போனார்கள். வாடகை ஆணையத்தைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள்: குடியிருந்தவர் சொந்த விருப்பத்தின் பேரில் காலி செய்தார்.

கடல் உள்ளே ஏறி, கரையோரத்துச் சனமெல்லாம் நகரத்துக்குள் நெருக்கியடித்து வந்த வருஷங்களில் அந்தச் சட்டம் வந்தது. சட்டம் வந்த அன்று யார் எந்த வீட்டில் குடியிருந்தார்களோ, அவர்கள் உயிரோடு அங்கே இருக்கும்வரை வாடகை ஏறாது. வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. அவர்களாகக் கிளம்பினாலோ இறந்தாலோதான் வீடு அவர் கைக்குத் திரும்பும். சட்டம் வந்த புதிதில் பெரம்பூரில் இனிப்பு வழங்கினார்கள். பவளக்கொடியும் வாங்கித் தின்றாள்.

பவளக்கொடி பெண்கள் கபடி அணிக்குக் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவள். வியாசர்பாடியில் பிறந்தவள். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து கூப்பிட்டால் மறுமூலையில் இருப்பவள் நின்றுவிடுவாள், அப்படியொரு குரல். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் கோச்சம்மா. கணவர் மாசிலாமணி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையில் இருந்த காலத்தில்கூட யாரையும் அதட்டிப் பேசியறியாத மனிதர். மூன்றாவது மாடியில் இருவரும் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார்கள்.

சன்னலைத் திறக்க முடியாத காலம் அது. வெளியே வெயிலும் புகையும். பழைய கட்டடங்களுக்கெல்லாம் மொட்டை மாடியில் காற்று இயந்திரம் வைத்து, வீட்டுக்கு வீடு குழாய் விட்டு, சுவரில் ஒரு பெட்டி பொருத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. மூச்சுப்பெட்டி என்று சனங்கள் பெயர் வைத்தார்கள். அடைத்த வீட்டுக்குள்ளேயே கிடந்து பலருக்கு மனசு பேதலித்ததால், காற்றோடு கொஞ்சம் 'இதம்' கலந்து விடவும் அனுமதி இருந்தது. மருந்துதான் அது. மூக்கு வழியாகப் போய் மனசைத் தடவிக் கொடுக்கும். இயந்திர அறையின் சாவி வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் கோதண்டம் அதே கட்டடத்தின் மேல் மாடியில் குடியிருந்தார். அப்பா கட்டிய கட்டடம். பார்த்தால் சிரிப்பார், பவளக்கொடியை வாய் நிறைய அக்கா என்பார்.

முதலில் போனது இரண்டாம் மாடித் தையல்காரர் குடும்பம். "வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே நெஞ்சை அடைக்குது கோச்சம்மா. என்னான்னே தெர்ல" என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டு தாண்டி எங்கோ தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்தது எதிர்வீட்டு இளஞ்சோடி. காரணமே இல்லாமல் கத்திக் கத்திச் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வீட்டில் பேய் இருக்கிறது என்று ஒரு குடும்பம் பூசாரியைக் கூட்டி வந்தது. பூசை நடக்கும்போதே பூசாரி எழுந்து ஓடினார். ஒவ்வொரு வீடாகப் பூட்டு ஏறியது.

மாசிலாமணியும் மாறினார். வீட்டுக்குள் உட்கார மாட்டார். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படி வளைவில் போட்டுக்கொள்வார்.

"உள்ள வாய்யா. சோறு ஆறுது."

"இங்கயே சாப்ட்டுக்கறேனே பவளம்."

"அங்க இன்னா இருக்கு?"

"உள்ள என்னமோ இருக்கு. யாரோ என் பின்னால நின்னுகிட்டு மூச்சு விடற மாதிரி. திருவள்ளூர்ல தம்பி வீட்டுக்குப் போயிடலாமா?"

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் போலத்தான் வீடு இருந்தது. "இந்த வாடகைக்கு இந்த ஊர்ல எலிவளை கூட கெடைக்காது. இத விட்டுட்டுப் போய் உன் தம்பி பொண்டாட்டி கையால சோறு திங்கணுமா? ஆம்பளையாட்டம் இருய்யா" என்றாள்.

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் செருப்பில்லாமல் இறங்கிப் போனார். அந்த நேரத்தில் தெருவில் நாய் கூட நடமாடாது. பஸ் நிறுத்தத்தில் சுருண்டு கிடந்தவரை எடுத்து வந்து கொடுத்தார்கள். வெப்பத் தாக்கு என்றார் டாக்டர்.

கோதண்டம்தான் ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்தார். மாலை வாங்கி வந்து போட்டார். கை கட்டி, தலை குனிந்து நின்றார். காரியம் முடிந்து சில நாள் கழித்து வந்து, உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "இனிமே இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா எதுக்குக்கா இருக்கணும்? மனசு என்னத்துக்கு ஆவும்? யோசிங்க. அவசரமில்ல."

அவளும் யோசிக்கத்தான் செய்தாள். அந்தக் கட்டடத்தில் கோதண்டமும் அவளும்தான் மிச்சம்.

மூச்சுப்பெட்டி கரகரவென்று சத்தம் போடத் தொடங்கிய ஒரு காலை அவள் பழுது பார்க்கும் கம்பெனிக்குச் சொன்னாள். வழக்கமாகக் கோதண்டம் கூட்டி வரும் ஆள் வரவில்லை. நர்கீஸ் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து திருப்புளி தரையில் விழுந்தது. அப்படியே சுவரோடு சாய்ந்து அழுதாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

பவளக்கொடி தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"இன்னாமா ஆச்சு?"

நர்கீஸ் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எப்டிம்மா இதுக்குள்ள இருக்கீங்க?"

"இருபது வருஷமா இருக்கேன்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா? பயமா இல்லையா?" கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு வாசனை தெரியுமா?"

"அந்தப் பெரிய காய்ச்சல் வந்தப்பவே மூக்கு செத்துப்போச்சு. குழம்பு அடிபுடிச்சா கூட எங்க வீட்டுக்காரருதான் சொல்லணும்."

நர்கீஸ் மெதுவாகச் சொன்னாள். "உங்க பெட்டில வர்றது இதம் இல்லம்மா. அதுக்கு எதிர். விரட்டுன்னு சொல்வாங்க. ஊருக்கு வெளிய கிடங்குல எல்லாம் வெப்பாங்க, நாயி, திருடன் யாரும் உள்ள தங்கக் கூடாதுன்னு. மூக்குல ஏறிச்சுன்னா காரணமே இல்லாம பயம் வரும். கூட இருக்கறவங்களக் கண்டா கோவம் வரும். ஓடிப்போயிடணும்னு மட்டும்தான் தோணும். நான் கொஞ்ச நேரம்தான் நின்னேன். செத்துப்போலாம் போல இருந்துச்சு."

பவளக்கொடி படியில் உட்கார்ந்தாள். மாசிலாமணியின் நாற்காலி இன்னும் அங்கேயே கிடந்தது. அதில் உட்காரத் தோன்றவில்லை.

"எத்தினி நாளா விடறான்?"

"தெரியாதும்மா. குழாயில படிஞ்சிருக்கறதப் பாத்தா ரொம்ப நாளா இருக்கணும்."

"புகார் குடுத்தா?"

"குடுக்கலாம். காத்துல கலந்து போறத நிரூபிக்கணும். நிரூபிச்சிட்டீங்கன்னே வெச்சுக்குங்க, குடியிருக்க லாயக்கில்லன்னு கட்டடத்துக்கே சீல் வெப்பாங்க. நீங்களும் வெளிய போணும். அவருக்கு அபராதம் போடுவாங்க. கட்டிட்டு இடிச்சுப் புதுசா கட்டுவாரு. அவருக்கு வேண்டியதும் அதான்." நர்கீஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாங்களும் புளியந்தோப்புல இப்டித்தான் ஒரு வீட்ட விட்டு வந்தோம். வீட்ல சாத்தான் இருக்குதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. இப்பதான் புரியுது."

அன்றைக்குப் பவளக்கொடி அழவில்லை. தன் வாயால் புருஷனைச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து காதில் விழுந்தது. அத்தனை சொல்லும் திரண்டு மேல் மாடியை நோக்கி ஏறியது.

மறுபடி நர்கீஸை வரவழைத்தாள். "மேல அவனுக்குப் போற குழாய் தனியா?"

"தனிதான். அவருக்கு வெறும் காத்துதான் போவுது." நர்கீஸ் குரலைத் தாழ்த்தினாள். "விரட்டத் திருப்பி அவருக்கு விடட்டுமா? இயந்திர அறையத் தொறக்க கம்பெனி சாவி என்கிட்டயும் இருக்கு."

"வேணாம். பயந்தா ஓடிருவான். ஓடினா தப்பிச்சிருவான்." பவளக்கொடி சொன்னாள். "இதம் விடு. இருக்கறதுலயே அதிகமா எவ்ளோ விட முடியும்?"

"சாகக் கெடக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரில விடுவாங்க. வலி, கவலை, ஆசை ஒண்ணும் இருக்காது. இருக்கற எடத்த விட்டு அசையணும்னு தோணாது."

"அத விடு. அவன் எங்கயும் போவக் கூடாது. எதையும் விக்கக் கூடாது, வாங்கக் கூடாது. எங்க எல்லாரையும் வெளிய தள்ள நெனச்சான்ல, அவன் உள்ளயே கெடக்கட்டும்."

நர்கீஸ் இதம் அடைத்த உருளைகளைக் கொண்டு வந்தாள். மாற்றுவது எப்படி என்று காட்டிவிட்டுச் சாவியையும் கொடுத்தாள். அதற்குப் பிறகு மொட்டை மாடிக்கு ஏறியதெல்லாம் பவளக்கொடிதான். முட்டி வலியோடு ஏறி, தன் கையாலேயே திருகி விட்டாள்.

கோதண்டம் மாறியதை ஊரே பார்த்தது. பவளக்கொடியும் சீக்கிரம் போய்விடுவாள் என்ற நம்பிக்கையில் கட்டடத்தை இடித்துக் கட்ட ஒப்பந்தம் பேசியிருந்த ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட ஆணையத்துக்குப் போக வேண்டிய நாளில் அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சிரித்தார். பலமுறை வந்து பார்த்துவிட்டு அவர்கள் வேறு கட்டடம் தேடிப் போனார்கள். விரட்டு தீர்ந்தபோது அதை நிரப்பக்கூட அவருக்கு நினைவில்லை. கீழ் மாடிகளில் பயம் தானாக அடங்கிப் போயிற்று. சவரம் செய்துகொள்வதை விட்டார். கடைக்காரப் பையன் வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

பவளக்கொடி உருளை மாற்றிவிட்டு இறங்கும்போதெல்லாம் திறந்த கதவு வழியாக அதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சோறு ருசித்தது. கட்டடம் இருக்கிறது, அதை அனுபவிக்கும் ஆசை அவனிடம் இல்லை. இது போதும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் நறுமுகை வந்தாள்.

கோதண்டத்தின் ஒரே மகள். தாயில்லாப் பெண். கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தது. சின்ன வயதில் பவளக்கொடியிடம் கபடி பழகியவள், வாய் ஓயாமல் பெரிம்மா பெரிம்மா என்று பின்னால் சுற்றியவள். இப்போது வாசலில் நின்றவளின் முகத்தில் ரத்தமே இல்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?"

பவளக்கொடி அவளை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள்.

"கொழந்த தங்கல பெரிம்மா. ஏழாம் மாசம் ஆரம்பிச்சு தெனமும் போன் பண்ணிக் கூப்ட்டேன். பயமா இருக்குப்பா, வந்து கூட இருப்பான்னேன். வரேம்மா வரேம்மான்னு சிரிப்பாரு. பொறந்து செத்துப்போச்சுன்னு ஆஸ்பத்திரில இருந்து சொன்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'பரவால்லம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்'னு சிரிச்சாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப மேல போய் வாசல்லயே நின்னு பாத்தேன். என்னப் பாத்தும் சிரிக்கிறாரு. எனக்கு இனிமே அப்பான்னு ஒருத்தர் கெடயாது. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இங்க சொல்லவும் உங்கள விட்டா ஆள் இல்ல."

பவளக்கொடி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை தானாகத் தடவிக் கொடுத்தது. அந்தக் கைதான் உருளையைத் திருகியது என்பது அவளுக்கு மறக்கவில்லை.

"இன்னிக்கி போவாத. பக்கத்துத் தெரு லாட்ஜ்ல தங்கு. நான் கூப்டறப்ப வா" என்று அனுப்பி வைத்தாள்.

பிறகு மேலே ஏறினாள். கோதண்டம் அதே நாற்காலியில் இருந்தார்.

"வாங்கக்கா."

"மாசிலாமணியக் கொன்னது நீதானே?"

"ஆமாக்கா." அவர் முகத்தில் நிழல் கூட விழவில்லை. "விரட்டு வெச்சது நான்தான். அந்த வாடகைல லிஃப்டு கயிறு கூட மாத்த முடியலக்கா. எங்கப்பா கட்டினது, என் பேருல இருக்கு, ஆனா எனக்குன்னு ஒரு அறை கூட இல்லாத மாதிரி இருந்துச்சு. எல்லாரும் போயிட்டா தேவலைன்னு நெனச்சேன். அவரு போயிருவாருன்னுதான் பாத்தேன், செத்துருவாருன்னு நெனைக்கல. பாவம். நல்ல மனுஷன். டீ சாப்பிடறீங்களா?"

பவளக்கொடி அவரை அடிக்கக் கை ஓங்கினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. அடித்தாலும் சிரிப்பான். இத்தனை நாளும் தான் கொடுத்தது தண்டனையே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவனை வலியே தொடாத இடத்தில் பத்திரமாகத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். வலி முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது.

மொட்டை மாடிக்குப் போய் உருளையைக் கழற்றினாள். திரும்பி வந்து அவர் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவர் சிரிப்பு லேசாகக் கலைந்தது. கையைக் கையோடு தேய்த்தார். தாடியைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அக்கா, என்ன மாசம் இது?"

அவள் சொன்னாள்.

"நறுமுகைக்கு..." அவர் எழுந்தார், உட்கார்ந்தார். "அவ போன் பண்ணா. கொழந்த... நான் என்ன சொன்னேன்? அக்கா, நான் அவகிட்ட என்ன சொன்னேன்?"

"நீ சொன்னது உனக்கே தெரியும்."

அவரிடமிருந்து எழுந்த சத்தம் மனுஷக் குரல் மாதிரியே இல்லை. தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். பவளக்கொடி நகரவில்லை. கண் இமைக்காமல் பார்த்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"யாரு இதப் பண்ணது? நீங்களா?"

"நான்தான். நீ எங்களுக்குப் பண்ணே. நான் உனக்குப் பண்ணேன்."

அவர் அவள் காலருகே மண்டியிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். "மறுபடி தொறந்து விடுங்கக்கா. தாங்க முடியல. என் மூச்சு நிக்கிற வரைக்கும் அப்டியே இருந்துடறேன். தொறந்து விடுங்க."

"முடியாது."

அவள் நறுமுகையைக் கூப்பிட்டாள். அவர் அழுவதை மகளும் பார்க்கட்டும், மகள் காறித் துப்பட்டும் என்றுதான் கூப்பிட்டாள். நறுமுகை வாசலில் நின்று, தரையில் கிடந்து கதறும் அப்பாவைப் பார்த்தாள். அவள் துப்பவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் விழுந்தாள். "அப்பா, உன் பேரப்பிள்ள போயிடுச்சுப்பா" என்றாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்து அழுதார்கள்.

பவளக்கொடி தள்ளி நின்றாள். வலியைத் திருப்பிக் கொடுத்ததில் அவனுக்கு மகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அப்படிக் கட்டிக்கொண்டு அழ வீட்டில் ஒருவரும் இல்லை. மகளின் தோளுக்கு மேலாகக் கோதண்டம் அவளைப் பார்த்தார். இதையெல்லாம் செய்தது யார் என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நறுமுகை திரும்பி, "நீங்கதான் அப்பாவ மீட்டுக் குடுத்தீங்க பெரிம்மா" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நறுமுகை ஊருக்குப் போன பிறகு கோதண்டம் மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது.

"நர்கீஸ்கிட்ட சொல்லி எல்லாக் குழாயும் கழுவியாச்சு" என்றாள் பவளக்கொடி. "இயந்திர அறைச் சாவி இனிமே என்கிட்ட இருக்கும். பூட்டின வீட்டையெல்லாம் தொற. போனவங்களத் தேடிக் கூட்டியாந்து வை. பழைய வாடகைதான். லிஃப்டு செலவ எல்லாருமா சேந்து பாத்துக்கறோம். வரமாட்டேன்னு சொல்றவங்க கால்ல விழு."

"சரிக்கா." அவர் போகவில்லை. "நறுமுகைகிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிருவீங்களாக்கா?" என்றார்.

"மாட்டேன்."

"அப்ப எங்கயாவது நல்ல வீடா நானே பாத்துத் தரேன். போயிருங்கக்கா. உங்க முகத்தப் பாத்தா அவரு ஞாபகம் வருது. சோறு எறங்கல. தூக்கம் இல்ல."

"தெரியும்" என்றாள் பவளக்கொடி. "எனக்கும்தான்."

அவர் திரும்பிப் படியில் கால் வைத்தார்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். மைதானத்தில் கூப்பிடும் குரல். அவர் நின்றார். "முட்டிக்கு நல்லதுன்னு தெனமும் விடிஞ்சதும் மேல வரைக்கும் ஏறி எறங்கப் போறேன். உன் வாசலத் தாண்டித்தான் போவேன். கதவத் தொறந்து வெச்சிட்டு, என்னப் பாக்கற மாதிரி உக்காந்திரு."

மறுநாள் காலை அவள் மேலே ஏறியபோது கதவு திறந்திருந்தது.